நெத்திலியை நிறுத்தினால் கால்சியம் இறங்குமா?

ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அத்தைக்கு இரவில் ஐந்தாறு தடவை கழிவறை, ஓயாத தாகம், வாரக்கணக்கில் மலச்சிக்கல். இனிப்பு நீர்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். பரிசோதித்தால் சர்க்கரை சரியாக இருந்தது. கால்சியம்தான் லிட்டருக்கு 3.3 மில்லிமோல். 2.6 தாண்டினாலே அதிகம்.

அன்றே பெரியம்மா சம்பலிலிருந்து நெத்திலியை நீக்கினார். மாமா பால்மாவு டின்னை அலமாரிக்குள் ஒளித்தார். பாவம், இரண்டின் மேலும் குற்றமில்லை. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் உள்ள நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள், ரத்தத்தில் கால்சியம் குறையும்போது ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுக்கின்றன. அத்தைக்கு அதில் ஒன்றில் கட்டி, நிறுத்தாமல் சுரந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் சாப்பாட்டில் கால்சியத்தை ரொம்பக் குறைத்தால் ஹார்மோன் இன்னும் கூடலாம். ஆக, பத்தியம் என்ற வழி அடைபட்டது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை டாக்டர் நிறுத்தச் சொன்னது வேறு விஷயம்.

வார்டில் முதலில் ஏறியது வெறும் உப்பு நீர். கால்சியம் கூடினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது, உடம்பு வற்றும், வற்றினால் கால்சியம் வெளியேறாமல் மேலும் ஏறும். அதை உடைக்க சலைனைவிட நல்லது எதுவுமில்லை. மணிக்கு 200 மில்லி ஓடியது. குடித்த ஒவ்வொரு கப்பையும், போன சிறுநீரையும் மிஸ்ஸி தாளில் குறித்தார். காலையில் அத்தையின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, நீர் தேங்கிக் குழி விழுகிறதா என்று பார்த்தார். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த வேகம் ஆகாது. முன்பெல்லாம் கூடவே சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசிமைடும் கொடுப்பார்கள். இப்போது நீர் தேங்கினால்தான்.

கால்சியத்தை இறக்கும் ஊசிகளில் கால்சிடோனின் வேகக்காரன். 4 முதல் 6 மணி நேரத்தில் இறக்கிவிடும், ஆனால் இரண்டு நாளில் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஜோலெட்ரோனிக் அமிலம் நேர்மாறு: 4 மில்லிகிராம், 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், பலன் தெரிய 2 முதல் 4 நாள் ஆகும், அப்புறம் வாரக்கணக்கில் நிற்கும். என்னைக் கேட்டால் கால்சிடோனின், சோறு வேகும்வரை கடிக்கிற பிஸ்கட். அதை மட்டும் நம்பிப் படுக்க முடியாது. ஜோலெட்ரோனிக் போட்ட இரவு அத்தைக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தன. முதல் தடவை அப்படி வருவது உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டெனோசுமேப் ஊசி பொருத்தம். அது கால்சியத்தை அளவுக்கு மீறி இறக்கிவிடவும் கூடும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

இத்தனையும் தற்காலிகம்தான். கால்சியம் இறங்கியதும், "கத்தி வைக்கணுமா? மாத்திரையில பாத்துக்கலாமே" என்றார் மாமா. சினகால்செட் மாத்திரை கால்சியத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் தினமும் விழுங்க வேண்டும், குமட்டும், எலும்பு அடர்த்தியைக் கூட்டாது. அனுபவமுள்ள கைகளில், கட்டி உள்ள சுரப்பியை எடுக்கும் அறுவை சிகிச்சை 95 சதவீதத்துக்கு மேல் குணமாக்குகிறது. குரல் நரம்பு பாதிக்கும் அபாயம் உண்டு, ஆனால் அரிது. வயது 50 தாண்டி, கால்சியம் லேசாக மட்டும் கூடி, எலும்பும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் கத்தியே வேண்டாம், ஆண்டுதோறும் சோதித்தபடி காத்திருக்கலாம். அத்தைக்கு 58 வயது என்றாலும் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது, 3.3 என்பது லேசும் இல்லை. நான் அறுவைக்கே ஓட்டுப் போட்டேன். (புற்றுநோயால் கால்சியம் கூடியிருந்தால் இந்தப் பட்டிமன்றமே கிடையாது. அந்த நோய்க்குத்தான் மருத்துவம்.)

அறுவை முடிந்த மறுநாள் அத்தையின் உதடும் விரல்நுனியும் மரத்து ஊசி குத்தியது போலிருந்தது. மற்ற மூன்று சுரப்பிகளும் இதுவரை தூங்கிக் கிடந்ததால் இப்போது கால்சியம் குறைவு. மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். மாமா வீட்டுக்குப் போய், பால்மாவு டின்னை எந்த அலமாரியில் ஒளித்தோம் என்று தேட ஆரம்பித்தார்.