புல்லட்டுக்கு ஆயில் கூலர்: ஆறாயிரம் ரூபாய் அனுபவம்

என்னுடையது 1984 புல்லட் 350. திருவொற்றியூர்த் தயாரிப்பு, வார்ப்பிரும்பு சிலிண்டர் பேரல். சித்திரை வெயிலில் தொடையைச் சுடுகிறதே என்று, ராக்கருக்கு (வால்வுகளை அசைக்கும் பாகம்) ஆயில் போகும் வெளிக்குழாயில் மாட்டி, ஆயிலைக் காற்றில் ஆறவைக்கும் கூலர் கிட் வாங்கினேன். ஆறாயிரம் ரூபாய். (வீட்டில் நாலாயிரம் என்று சொன்னேன்.)

திண்டிவனம் வரை நிற்காமல் ஓட்டியபோது இன்ஜின் சூடு கொஞ்சம் தணிந்தது உண்மைதான். ஆனால் கிண்டி சிக்னலில் காற்றே இல்லையே, கூலர் என்ன செய்யும்? முன்னால் தொங்கும் அலங்காரம், அவ்வளவுதான். மார்கழியில் வேறு கூத்து. ஆயில் சூடேறும்வரை அதைக் கூலருக்குள் விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இந்தக் கிட்டில் கிடையாது. பால் வாங்கப் போய்வரும் தூரத்துக்கு ஆயில் சூடேறவே இல்லை. உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல், ஆயில் மூடியைத் திறந்தால் மோர் மாதிரி வெளுப்பு. குழாய் இணைப்பில் ஆயில் கசிவு வேறு.

கழற்றிவிட்டேன். மெக்கானிக் அண்ணன் ஸ்பார்க் பிளக்கைப் பார்த்ததுமே சிரித்தார்: வெள்ளை வெளேர். காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைவு, தீப்பொறி விழும் டைமிங்கும் பின்தங்கியிருந்தது; சூட்டுக்குக் காரணம் அதுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதலாக வரப் பெரிய ஜெட் போட்டு, தீப்பொறி நேரத்துக்கான பாயிண்ட் சரிசெய்து, இன்ஜினைச் சுற்றியுள்ள ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) ஒட்டிய சேற்றைச் சுரண்டி, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினார். கூலரின் கால்வாசிச் செலவு. இப்போது தொடை சுடுவதில்லை.

நாள்முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் வேண்டுமானால் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். என்னுடையது பரணில் கிடக்கிறது, பாதி விலைக்குத் தருவேன்.