நான்கு வருடமாகக் குழுவோடு போய்வருகிறேன்: யாழ்ப்பாணத்தில் இடம் பார்த்த அனுபவம்

2021 டிசம்பரில்தான் முதல் தடவை போனேன். கொரோனாக் காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்த அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவரும் அவரிடம் படித்த சிலரும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இடம் பார்க்கப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பெயர்ப்பலகை, அலுவலகம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஒரு மினி பஸ்ஸில் கொள்ளக்கூடிய சனம், அவ்வளவுதான். நாங்கள் அவரைச் சேர் என்போம், அம்மா மாஸ்டர் என்பார்.

இன்றுவரை முப்பது பயணங்களுக்கு மேல் போயிருப்பேன். இடையில் வேறு இரண்டு ஏற்பாட்டாளர்களுடனும் காசு கட்டிப் போனேன். அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். புதிதாகச் சேர யோசிப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் பயணம் நிலாவரைக் கிணற்றுக்கு. சொன்னவுடன் எனக்கு ஆர்வமே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலாவில் போன இடம். பஸ் நின்றது, வரிசையாகப் போய் எட்டிப் பார்த்தோம், "ஆழம் தெரியாத கிணறு" என்று ரீச்சர் சொன்னார், திரும்ப ஏறினோம். பத்து நிமிடம்கூட இருக்காது. இராமர் அம்பு எய்து உண்டாக்கினார், எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்ற கதைகள் மட்டும் மனதில் நின்றன.

சேர் அங்கே எங்களை இரண்டரை மணித்தியாலம் வைத்திருந்தார். முதலில் கதைகளைத்தான் சொன்னார். அவற்றைப் பழிக்காமல், ஏன் அப்படி ஒரு கதை வந்திருக்கும் என்று கேட்டார். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகைகளும் வெடிப்புகளும் உண்டாக்கும். மேல்கூரை இடிந்து விழுந்த இடம்தான் நிலாவரை. நல்லூர் யமுனா ஏரிக்கும் கீரிமலைக் கேணிக்கும் கீழே இருப்பதும் இதே பாறைதான். கல்லுக்குள்ளால் தண்ணீர் போய்வருகிறது என்பதைக் கண்ட சனம் அதற்கு எலுமிச்சம்பழத்தை வைத்திருக்கிறது என்றார். கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 50 மீற்றர். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு.

அப்புறம் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு கண்ணாடிக் குவளை வாங்கினார். உப்பைக் கரைத்துத் தேயிலைச் சாயம் விட்ட தண்ணீரைப் பாதிவரை ஊற்றினார். அதற்கு மேல், கரண்டியின் பின்பக்கத்தில் விட்டு மெதுவாக நல்ல தண்ணீரை ஊற்றினார். இரண்டும் கலக்கவில்லை. கீழே கறுப்பு, மேலே தெளிவு, நடுவில் ஒரு கோடு. "இதுதான் யாழ்ப்பாணம்" என்றார். ஒரு சிறுவனிடம் குழாயைக் கொடுத்து மேல் தண்ணீரை உறிஞ்சச் சொன்னார். மெல்ல உறிஞ்சும்வரை ஒன்றுமில்லை. பிள்ளை வேகமாக இழுத்தபோது கீழே இருந்த சாயம் கூம்புபோல எழும்பிக் குழாய்க்குள் ஏறியது. மோட்டர் போட்டு ஓயாமல் இறைத்தால் கிணறு ஏன் உவராகிறது என்பதை அந்த ஒரு குவளை எனக்கு விளங்கப்படுத்திவிட்டது. எங்களுக்கு ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மற்றதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் நிலத்துக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற இந்தச் சேமிப்புத்தான். வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, தாங்கி நிரம்பி வழியும்வரை மோட்டரை ஓடவிடும் பழக்கத்தை நிறுத்தியது.

அதே இடத்துக்குச் சேர் எங்களை அடுத்த ஓகஸ்டிலும் கூட்டிக்கொண்டு போனார். பார்த்த இடத்தை ஏன் திரும்பப் பார்க்கவேண்டும் என்று சிலர் வரவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. மழையில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்த்தால்தான் ஒரு இடத்தின் குணம் பிடிபடுகிறது.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இது நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சைக்கிளில் போவோம் என்றார்கள். யாழ்ப்பாணத்துத் தெருவெல்லாம் அப்போது சைக்கிள்தான். எல்லாப் பயணங்களிலும் நான் மிகவும் விரும்பியவை அந்த மாதங்களில் போனவைதான். தூரம் போக முடியாது என்பதால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பார்த்தோம்.

ஆனைக்கோட்டையில் கரையாம்பிட்டிக்குப் போனோம். தனியாகப் போயிருந்தால் சைக்கிளை நிறுத்தியே இருக்கமாட்டேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கே அகழ்ந்தபோது பெருங்கற்காலத்து அடக்கங்கள் கிடைத்தன. ஓர் எலும்புக்கூட்டோடு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த சின்ன முத்திரையும் இருந்தது. சேர் அந்த எழுத்துக்களை மண்ணில் தடியால் கீறிக் காட்டினார். "கோவேத" என்று வாசிக்கிறார்கள் என்றார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒருவருடைய அடையாளத்தை அந்த மண்ணிலேயே எழுதிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கந்தரோடை அதற்கு அடுத்த மாதம். பனைகளுக்கு நடுவில் முருகைக்கல்லில் கட்டிய சின்னச் சின்னத் தூபிகள். 1917இல் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். பிக்குகளின் நினைவாகக் கட்டியவையா, நேர்த்திக்குக் கட்டியவையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரு முடிவில்லை. இந்த இடத்தைப் பற்றிக் கதைக்கும்போது பலருக்குக் குரல் உயரும். சேர் உயர்த்தவில்லை. அங்கே பௌத்தம் இருந்தது, அதைப் பின்பற்றிய தமிழரும் இந்த நாட்டில் இருந்தார்கள், பௌத்தத்துக்கு முந்திய குடியிருப்பின் தடயங்களும் கீழே கிடைத்தன என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கேள்வி கேட்டவர்களுக்குப் பொறுமையாக மறுமொழி சொன்னார். வழிகாட்டியிடம் நான் எதிர்பார்ப்பது இந்த நிதானத்தைத்தான்.

அம்மாவுக்கு ஒரு நாள் வந்தது. உரும்பிராய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். செம்மண், வாழை, வெங்காயம், ஒரு மூலையில் திராட்சைப் பந்தல். பழைய கிணற்றடியில், தண்ணீர் இறைக்கிற நீளமான துலா மரத்தைத் தாங்கும் ஆடுகால் மட்டும் மிச்சமாக நின்றது. அது என்ன என்று ஒரு சின்னப்பிள்ளை கேட்க, சேர் அம்மாவைப் பார்த்து, "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ" என்றார். எழுபது வயது அம்மா கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, தன் அப்பாவும் சித்தப்பாவும் துலா மிதித்ததையும், கீழே நின்றவர் தண்ணீர் அள்ளிய பட்டையைக் கவிழ்த்ததையும், விடியப்புறம் பாட்டோடு நடந்த இறைப்பையும் சொன்னார். துலாவில் மேலும் கீழும் நடக்கிறவர் எப்படிக் கால் வைப்பார் என்று எழும்பி நடந்தும் காட்டினார். இவ்வளவும் எனக்கே புதிது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கோட்டையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோரும் போன இடம். மாலை நேரத்தில் போங்கள், மதிலுக்கு மேலே நின்றால் பண்ணைக் கடல் வடிவாகத் தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கியது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது என்ற வரிசையை எந்த வழிகாட்டியும் சொல்வார். உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் 1990 முற்றுகையின்போது இடிந்ததையும் சொல்கிறாரா என்று பாருங்கள். பழைய பூங்காவுக்குத்தான் சனம் போவது குறைவு. 1829இலிருந்து ஏறத்தாழ நாற்பது வருடம் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை உண்டாக்கிய தோட்டம் அது. அங்கே பிள்ளைகளிடம் கயிற்றுத் துண்டு கொடுத்து மரங்களின் சுற்றளவை அளக்கவிட்டார்கள். பெரியவர்களும் சேர்ந்து அளந்தோம்.

சரி, குறைகளைச் சொல்கிறேன்.

நெடுந்தீவுக்கு நான் போனது வேறொரு ஏற்பாட்டாளருடன். காசு கூட, ஆட்களும் கூட. குதிரைகள், பாவோபாப் எனப்படும் பெருக்கமரம், கோட்டை, புறாக்கூடு, முருகைக்கல் மதில்கள் எல்லாவற்றையும் மூன்று மணித்தியாலத்துக்குள் காட்டுவதாகச் சொன்னார்கள். காட்டினார்கள்தான், ஆனால் பெருக்கமரப் பொந்துக்குள் நுழைந்து படமெடுக்க நின்ற வரிசையிலேயே பாதி நேரம் போனது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் கொல்லப்பட்ட பயணிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கடலில் ஒரு மணித்தியாலம் படகில் போகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில், காற்று எழும்பும் என்பதை முதல் நாளே விசாரித்திருக்க வேண்டியவர்கள் விசாரிக்கவில்லை. திரும்பும் படகு பிந்தியது. துறையில் நிழல் இல்லை, கொண்டுவந்த தண்ணீர் முடிந்துவிட்டது, கைக்குழந்தையோடு ஒரு தாய் வெயிலில் நின்றார். அந்தத் தாய்க்குத் தேங்காய் வெட்டிக் கொடுத்துத் தன் வீட்டு விறாந்தையில் இருக்கவைத்தவர் ஒரு தீவுக்காரர். நெடுந்தீவுக்குப் போனால் ஒரு இரவு தங்குகிற பயணமாகப் பார்த்துப் போங்கள்.

சுண்டிக்குளத்தில் நடந்தது இன்னும் மனதை நோகச் செய்தது. 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். மாரி முடிந்ததும் வலசை வந்த பறவைகளால் களப்பு நிறைந்திருக்கும். இரண்டு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போன இன்னொரு ஏற்பாட்டாளரின் வழிகாட்டி கையில் ஒலிபெருக்கி வைத்திருந்தார். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, பூநாரைகள். அவர் ஒலிபெருக்கியில் "அங்கே பாருங்கள்" என்றார். அந்தக் கோடு அப்படியே எழும்பிப் போய்விட்டது. இவை ஆழமில்லாத தண்ணீரில் நின்று, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை வடித்துத் தின்னுகிறவை. தின்ன வந்த இடத்தில் கலைத்துவிட்டோம். என்னோடு வந்தவர்களும் கவலைப்பட்டார்கள், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இப்போதென்றால் சொல்வேன்.

அதே பறவைகளைச் சேரோடு பார்க்கப் போனபோது பன்னிரண்டு பேர், ஒரு தொலைநோக்கி. பொன்னாலைப் பாலத்தடியில் விடியமுன்னமே போய் நின்றோம். முக்கால் மணித்தியாலம் யாரும் கதைக்கவில்லை. கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து எல்லாவற்றையும் முறைபோட்டுப் பார்த்தோம். கதை எல்லாம் பிறகு, சாப்பிடும்போதுதான்.

எங்கள் குழுவிலும் குறை உண்டு. பெரிய குறை மலசலகூடம். பெண்களும் வயதானவர்களும் தண்ணீர் குடிக்காமலே வெயிலில் திரிந்தோம். இரண்டாம் வருடம் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து கதைத்த பிறகுதான், போகும் வழியில் ஒரு வீடோ பாடசாலையோ முன்கூட்டியே கேட்டு வைக்கத் தொடங்கினார்கள். சேர் நின்றுகொண்டே நீளமாகக் கதைப்பார், முழங்கால் நோகும். இப்போது மடிக்கும் முக்காலிகள் பத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். மழையென்றால் அன்று காலையில்தான் பயணம் இல்லை என்று சொல்வது இன்னும் திருந்தவில்லை. சாப்பாட்டுப் பார்சலும் வந்த பிள்ளைகளுக்குக் காரம் அதிகம்.

காசு விடயம்: நாங்கள் பஸ் வாடகையையும் சாப்பாட்டையும் கூட்டி ஆட்களால் பிரிக்கிறோம். அதனால் டீசல் விலை ஏறினால் இதுவும் ஏறும். கணக்கை எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். மற்ற இரண்டு இடத்திலும் ஏறத்தாழ இரு மடங்கு கட்டினேன். சேருக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நாங்கள் பலமுறை கேட்டும் வாங்கவில்லை. கடைசியில் அவருடைய பெயரில் முக்காலிகள்தான் வாங்கினோம்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வருகிற ஓகஸ்டில் பிள்ளைகளோடு வருகிறார். எந்தப் பயணம் போகலாம் என்று கேட்டிருந்தார். பறவை பார்க்க அந்த மாதம் சரிவராது, அதற்கு மார்கழி, தையில் வரவேண்டும். நெடுந்தீவிலும் அப்போது வரட்சி, குதிரைகளே தண்ணீருக்குக் கஷ்டப்படும் நேரம். நிலாவரைக்கு ஒரு காலை, கந்தரோடைக்கு ஒரு காலை, உரும்பிராய்த் தோட்டத்துக்கு ஒரு பின்னேரம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். தோட்டத்துக்கு அம்மாவும் வருவார்.