தண்ணீர் பார்க்கவா, மேடு ஏறவா? அயர்லாந்தின் மூன்று ஏரிச் சுற்றுகள்

அயர்லாந்தில் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று கிளம்புகிற எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் இருக்கும். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் புல்வெளி, நடுவில் வழவழவென்று ஒரு சாலை. வரைபடமும் அப்படித்தான் ஆசை காட்டும். நேரில் போனால் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு உயிர்வேலி நிற்கும். அரை மணி நேரம் மிதித்தும் ஏரியின் ஒரு கீற்றுகூடக் கண்ணில் படாத இடங்கள் உண்டு. தண்ணீர் நன்றாகத் தெரிகிற சாலை என்றால், அதில் பெரும்பாலும் லாரியும் ஓடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த மூன்றையும் ஒப்பிடுகிறேன். வட அயர்லாந்தின் ஃபெர்மானாவில் கீழ் லாக் எர்ன் (லாக் என்றால் ஏரி), சுமார் 90 கி.மீ. ஷானன் ஆற்றின் மேல் இருக்கும் லாக் டெர்க், சுமார் 130. கேவன் மாவட்டத்தில் லாக் ஊக்டரை ஒட்டி நான் ஓட்டும் சுற்று, ஏறக்குறைய 55. தூரத்தைப் பார்த்து மூன்றாவதுதான் எளிது என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த ஏரியானாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். இங்கே வண்டிகள் இடப்பக்கமாகப் போகும். எதிர்ச்சுற்றில் போனால் ஏரி எப்போதும் உங்கள் பக்கம் இருக்கும், நின்று பார்க்கச் சாலையைக் கடக்க வேண்டாம்.

எர்னிலிருந்து தொடங்குகிறேன். ‘கீழ்’ என்பது ஆற்றோட்டத்தை வைத்துச் சொல்வது; வரைபடத்தில் கீழ் ஏரி மேலேயும் மேல் ஏரி கீழேயும் இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். எனிஸ்கில்லன் ஊரில் ஆரம்பித்து கிழக்குக் கரை வழியாகக் கெஷ் வரைக்கும் போவது மென்மையான சாலை. வழியில் காசில் ஆர்ச்டேல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடல் விமானங்கள் இந்த ஏரியிலிருந்துதான் பறந்தன. 1941 மே 26 அன்று ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைக் கண்டுபிடித்த கேட்டலீனா விமானம் இங்கிருந்து கிளம்பியதுதான். இன்று அங்கே படகுத்துறையும் கேம்பிங் வண்டிகளும் இருக்கின்றன, டீ குடிக்கலாம்.

கெஷ் தாண்டியதும் சாலை போவா தீவுக்குள் நுழைகிறது. தீவுக்கு இரண்டு முனையிலும் பாலம். நீளவாக்கில் அதைக் கடக்கும்போது தண்ணீர் ஒரு சமயம் இடப்பக்கமும் இன்னொரு சமயம் இரு பக்கமும் வரும். கால்ட்ரா கல்லறைத் தோட்டத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை முகச் சிலை ஒன்று நிற்கிறது, இடுப்பு உயரம்கூட இல்லை. சாலையிலிருந்து சின்னப் பாதையில் இறங்க வேண்டும், பெடலில் மாட்டுகிற கிளீட் ஷூவில் வழுக்கும். தலை உச்சியில் ஒரு குழி, அதில் மழைத்தண்ணீரும் யாரோ போட்ட காசும். பத்து நிமிடம் அங்கே கழித்தால் குறைந்துவிடாது.

அப்புறம் பெல்லீக். 1857 முதல் பீங்கான் செய்கிற ஊர். இங்கே சாப்பிட்டுவிடுங்கள், இனி எனிஸ்கில்லன் வரை பெரிதாக எதுவும் கிடைக்காது. அடுத்த நாற்பது கிலோமீட்டர் ஏ46 சாலை, தெற்குக் கரை. ஏரி அகன்று விரிந்து கிடப்பது இங்கேதான் முழுசாகத் தெரியும். வலப்பக்கம் மாகோ பாறைச் சுவர் செங்குத்தாக எழும். மேற்குக் காற்று இருந்தால் முதுகில் தள்ளிக்கொண்டே வரும். ஆனால் இது நெடுஞ்சாலை. ஓரத்தில் ஒதுங்க இடம் குறைவு. வட அயர்லாந்தின் கிராமச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது 96 கி.மீ.க்கு மேல். எல்லைக்கு இந்தப்பக்கம், அயர்லாந்துக் குடியரசில், உள்ளூர்ச் சிறு சாலைகளின் வரம்பை 2025 பிப்ரவரியில் 80லிருந்து 60 கி.மீ. ஆக்கினார்கள். எண் ஒன்றுதான், அலகு வேறு. பக்கத்தில் உரசிப்போகும் வண்டியின் காற்றில் அந்த வித்தியாசம் தெரியும். பெரிய சாலை பிடிக்காதவர்கள் லாக் நேவார் காட்டுக்குள் ஏறிப் போகலாம். மூச்சு வாங்கும், ஆனால் உச்சியில் பாறை விளிம்பிலிருந்து ஏரி முழுக்கத் தெரியும்.

இதிலேயே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சுற்று ஏறக்குறைய முழுவதும் ஐக்கிய ராஜ்யத்துக்குள் இருக்கிறது. டப்ளினில் வேலை பார்க்கிற, இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம்மவர்களுக்கு ஐரிஷ் குடியிருப்பு அட்டை மட்டும் போதாது, பிரிட்டிஷ் விசா வேண்டும். எல்லையில் கேட்டும் இல்லை, சாவடியும் இல்லை. சாலையோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாக மாறும், பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான். யாரும் கேட்பதில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். எல்லை தாண்டும் பஸ்களில் ஏறிச் சோதிப்பதும் உண்டு. வேலையும் விசாவும் பணயம் வைத்து ஓட்டுகிற அளவுக்கு எந்த ஏரியும் உயர்ந்ததில்லை.

லாக் டெர்க்கில் அந்தக் கவலை கிடையாது. ரயில் வசதியும் உண்டு: லிமரிக்கிலிருந்து நீனா வழியாகப் போகும் பாதையில் பேர்ட்ஹில் நிலையத்தில் இறங்கினால் கில்லலூ கொஞ்ச தூரம்தான். வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். ஏரியின் தென்முனையில், ஆற்றுக்கு இந்தப்பக்கம் கில்லலூ, அந்தப்பக்கம் பல்லினா. பழைய கல்பாலம் இரண்டையும் இணைக்கிறது. பல்லினாவிலிருந்து வடக்கே போர்ட்ரோ பக்கம் சாலை ஏறும். அங்கே திரும்பிப் பார்த்தால் இந்த மூன்று சுற்றிலும் ஆகச் சிறந்த ஒற்றைக் காட்சி. அதற்குப் பிறகு டிரோமினீர், டெரிகிளாஸ் என்று வயல்களுக்கு நடுவே நீண்ட தூரம். ஏரி எங்கே போனது என்று கேட்கத் தோன்றும்.

போர்ட்டம்னாவில் ஷானனைக் கடக்கும் பாலம் படகுகளுக்காகத் திறக்கும். திறந்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான், கால் இறுகிவிடும். தொல்லை தொடங்குவது அதற்குப் பிறகு. மேற்குக் கரையில் தென்மேற்காகத் திரும்பி வர வேண்டும், இந்த நாட்டில் காற்று வழக்கமாக வருவதும் அந்தத் திசையிலிருந்துதான். எண்பது கிலோமீட்டர் போன கால்களுக்கு எதிர்காற்றில் மீதி ஐம்பது. மவுண்ட்ஷானன் வரும்வரை எனக்குப் பேச்சே வராது. அங்கே படகுத்துறையில் உட்கார்ந்தால் எதிரே புனிதத் தீவின் வட்டக் கோபுரம். 2013இல் வெண்வால் கடற்கழுகுக் குஞ்சுகள் இங்கே கூட்டைவிட்டுப் பறந்தன. நூறு வருடத்துக்கு மேல் அயர்லாந்தில் அது நடக்கவில்லை. நான் பார்த்தது நாரையைத்தான். சரி, நிழலாவது கிடைத்தது.

முல்லிங்கரைச் சுற்றியுள்ள வெஸ்ட்மீத் ஏரிகளையும் சேர்க்கச் சொல்வார்கள். டப்ளினிலிருந்து நேர் ரயில், சாலைகள் சாது. ஆனால் சாலையிலிருந்து ஏரி தெரிவது அங்கேயும் அபூர்வம். முதல் தடவை நீளச் சவாரி போகிறவர்களுக்கு நல்லது, அதோடு விடுகிறேன்.

இனி கேவன். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏரி, மொத்தம் 365 என்று அந்த மாவட்டத்துக்காரர்கள் சொல்வார்கள். நான் எண்ணவில்லை. ஏரிகளுக்கு நடுவே டிரம்லின்கள். பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாளம் களிமண்ணையும் கல்லையும் இழுத்துத் தேய்த்துவிட்டுப் போன மொட்டை மேடுகள். கூடையில் முட்டை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும் என்பார்கள். களிமண் தண்ணீரை இறங்கவிடாது, அதனால் மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே குட்டை, ஏரி, சதுப்பு. சொல்லே ஐரிஷ் மொழியில் முதுகு என்று பொருள் தருகிற சொல்லிலிருந்து வந்தது. டிரம் என்று தொடங்கும் ஊரைப் பலகையில் பார்த்தால் கியரைக் குறைத்துவிடுங்கள்.

கேவன் ஊரிலிருந்து பட்லர்ஸ்பிரிட்ஜ், பெல்டர்பெட், டிரம்லேன், கில்லிஷாண்ட்ரா, கில்லிகீன் காடு, மறுபடி கேவன். முழுவதும் குடியரசுக்குள். பெரிய சாலையை விட்டு இறங்கியதும் நடுவே புல் முளைத்த ஒற்றைச் சாலைகள். எதிரே டிராக்டர் வந்தால் வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார், அது வணக்கம்.

ஏற்றம் எதுவும் முந்நூறு மீட்டர் நீளத்தைத் தாண்டாது. ஆனால் திருப்பத்தில் சட்டென்று எழும், எழுந்து நின்று மிதித்து உச்சியைத் தொட்டால் வேலியின் இடைவெளியில் ஒரு ஏரி, நாலு விநாடி. உடனே இறக்கம், கீழே டிராக்டர் சக்கரம் விட்டுப்போன சேறு, அதனால் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு அடுத்த மேட்டில் ஏற முடியாது. மறுபடி முதலிலிருந்து. எர்னின் 90 கி.மீ.யில் ஏறியதற்கு ஏறக்குறைய சமமான உயரத்தை இந்த 55க்குள் ஏறியிருப்பீர்கள், அதுவும் சில்லறை சில்லறையாக. பின்சக்கரத்தில் 34 பல் வரை போகிற கேசட் (மேடு ஏற லகுவான கியர் தரும் பல்சக்கர அடுக்கு) இல்லாமல் நான் போகமாட்டேன்.

ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். எர்னில் ஏரியை ஒரு பக்கத்திலேயே பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். கேவனில் அடுத்த மேட்டுக்கு அப்பால் தண்ணீரா மாடா என்று தெரியாது. லாக் ஊக்டரில், ஒரு தோசைக்கல் அளவுத் தீவில் வட்டக் கோட்டை ஒன்று தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும். ஐரிஷ் படைத்தலைவர் ஓவன் ரோ ஓனீல் 1649இல் இறந்தது அங்கேதான். டிரம்லேனில் ஏரியை ஒட்டி வட்டக் கோபுரமும் கூரை இல்லாத தேவாலயமும். கோபுரத்தின் வடக்கு முகத்தில் தேய்ந்துபோன பறவைச் செதுக்கல்கள், சாய்வெயில் பட்டால்தான் தெரியும். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம் இருப்பதால் வேலை முடிந்து வந்துகூடப் பார்த்துவிடலாம்.

குளிர்காலத்தில் மட்டும் வேண்டாம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், அப்போது வேலி வெட்டச் சட்டத்தில் தடை. செப்டம்பர் பிறந்ததும் இயந்திரம் இறங்கும். கடந்த அக்டோபரில் கில்லிஷாண்ட்ரா அருகே, வெட்டிய வெண்முள் கிளைகள் சாலை முழுக்கக் கிடந்தன. மூன்று கிலோமீட்டருக்குள் இரண்டு பஞ்சர். இரண்டாவது முள் நகத்தில்கூடச் சிக்காத அளவு சிறியது, டயருக்குள் விரல் விட்டுத் தடவித்தான் பிடித்தேன். கையில் இருந்தது ஒரே டியூப். மீதி ஏழு கிலோமீட்டரைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சாலையில் எந்தெந்த இடத்தில் ஏரி தெரிகிறது என்று ஒழுங்காகப் பார்த்தேன்.