385 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை: டெக்சாஸில் ரைபிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தொடங்கிவிடுவேன். அதனால் இன்றே எழுதுகிறேன். என்னிடமிருந்து 385 டாலர் பறித்தவர்கள் ஓர் இணையச் சேவைத் தளத்தின் வழியாக வந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பு நிலையம். பெயரைப் போடவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஒரு பெயரில் மூடி மறுபெயரில் திறப்பார்கள். ஆளை அல்ல, அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை அடையாளம் காணுங்கள்.

உனக்கெதற்குத் துப்பாக்கி என்று கேட்பவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம். கிரீன் கார்டு வந்த பிறகு, வார இறுதிகளில் ஐம்பது கஜத்தில் காகித இலக்கைச் சுடுவது என் பொழுதுபோக்கு. (ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது பொதுவாகச் சட்டப்படி கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பரின் துப்பாக்கிதானே என்று கையில் எடுத்துவிடாதீர்கள்.)

என்னுடையது ரூகர் 10/22 வகை ரைபிள். அந்த வகை 1964இல் வந்தது. அதற்கு வெளிச்சந்தையில் கிடைக்காத பாகமே இல்லை. வரிசை எண் உள்ள ரிசீவரை, அதாவது ரைபிளின் நடுக்கூட்டை, உரிமம் பெற்ற கடையில் முறைப்படி வாங்கினேன். போட்டிகளுக்கென்று இறுக்கமாகக் கடைந்த சேம்பர் (தோட்டா அமரும் அறை) உள்ள பேரல் (குழல்), சேம்பரைப் பின்னாலிருந்து அடைத்து முன்னும் பின்னும் நகரும் போல்ட், மரக்கட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூட்டினேன். குறி அருமையாக விழுந்தது. ஆனால் சுட்டதும் தோட்டாவின் காலி ஓடு வெளியே தெறிக்காமல், அது வெளியேறும் வாயிலிலேயே செங்குத்தாகச் சிக்கிக்கொண்டது. சில சமயம் ஓடு சேம்பரிலேயே தங்கிவிட, அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டியது.

இந்த ரைபிளில் போல்ட்டை நகர்த்த வாயுக்குழாய் எதுவும் கிடையாது. வெடித்த ஓடே பின்னால் தள்ளி போல்ட்டை நகர்த்த வேண்டும். தோட்டாவின் வேகம் குறைந்தாலோ, சேம்பரில் கரி படிந்தாலோ, ஓட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி மழுங்கினாலோ இந்தச் சுழற்சி பாதியில் நின்றுவிடும். எது காரணம் என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னால் போதும் என்றுதான் பணம் கொடுத்தேன்.

தொலைபேசியில் பேசியவர் பேசிய அழகு இன்னும் காதில் இருக்கிறது. "எந்தத் தோட்டா போடுகிறீர்கள்? வினாடிக்கு 1070 அடி வேகத்தில் போகும் சாதாரண வகையா, 1235 அடி போகும் வேக வகையா? காலி ஓட்டின் விளிம்பில் கீறல் இருக்கிறதா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்தவர் கேட்கும் கேள்விகள். என் பதில்களைக் குறித்துக்கொண்டார், அல்லது குறித்துக்கொள்வதுபோல இடைவெளி விட்டார். "உங்கள் ரைபிளை என் சொந்த ரைபிள் போலப் பார்த்துக்கொள்கிறேன், சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் 385 டாலர் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

முதலில் சோதனைக் கட்டணம் 125 டாலர், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பச் சொன்னார்கள். பிறகு "சேம்பரைச் சீர்செய்து, போல்ட்டை மெருகேற்றி, எக்ஸ்ட்ராக்டரை மாற்ற வேண்டும்" என்று 260 டாலர். அதைக் கிரெடிட் கார்டில் கட்டினேன்.

அதற்குப் பிறகு குரல் மாறியது. பாகம் வரவில்லை என்றார்கள். பாகம் வந்துவிட்டது, ஆள் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். செய்தி அனுப்பினால் படித்ததற்கான குறி விழும், பதில் வராது. இணையத் தளத்தைக் கேட்டால் "சேவை வழங்குநரிடம் பேசுங்கள்", சேவை வழங்குநரைக் கேட்டால் "தளத்தின் வழியாக வாருங்கள்". பந்தை இருவரும் மாற்றி மாற்றி உதைத்தார்கள். கடைசியில் ஒருநாள் "தயார்" என்று ஒரே ஒரு சொல்லில் செய்தி வந்தது.

ரைபிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். மரக்கட்டையையும் ரிசீவரையும் பிணைக்கும் அடித்திருகு தளர்கிறதா என்று தெரிய, அதன் தலையிலிருந்து கட்டைவரை மெல்லிய வெள்ளை வண்ணக் கோடு ஒன்று இழுத்து வைப்பது என் வழக்கம். அந்தக் கோடு அப்படியே இருந்தது. முடியளவு விரிசல்கூட இல்லை. 10/22 ரைபிளில் இந்தத் திருகைக் கழற்றிக் கட்டையை எடுக்காமல் போல்ட்டை வெளியே எடுக்கவே முடியாது. பில்லிலோ போல்ட் மெருகேற்றியதற்கும் எக்ஸ்ட்ராக்டர் மாற்றியதற்கும் தனித்தனி வரி, தனித்தனி தொகை! சேம்பருக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். கரியும் மெழுகும் சேர்ந்து வளையமாகப் படிந்திருந்தது. ஒரு துணிகூட உள்ளே போகவில்லை. 385 டாலருக்கு என் ரைபிளை ஒரு மூலையில் சாய்த்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

திருகைப் பற்றிக் கேட்டதும் பதில் வந்தது: "கோட்டை நாங்களே மறுபடி வரைந்தோம்." அடுத்த பதில்: "வீட்டில் பூட்டிய ரைபிளுக்கு நாங்கள் பொறுப்பேற்பதில்லை." வீட்டில் பூட்டியது என்று முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தேன். பணம் வாங்கும்போது அது தெரியவில்லையா? மூன்றாவது பதில் வரவில்லை. எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

சுடுதளத்தில் வழக்கமாக வரும் ஒரு பெரியவர் ஒரு மதியத்தில் முடித்துக் கொடுத்தார். தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் மற்ற எதையும் தொட்டார். சேம்பரைக் கரைப்பானில் நனைத்த தூரிகையால் நன்றாகத் தேய்த்தார். மழுங்கிய கொக்கியை எனக்குக் காட்டி, அதை மாற்றினார். பாகத்தின் விலை ஒரு சாப்பாட்டுச் செலவு. இறுக்கமான சேம்பரில் வேகம் குறைந்த தோட்டா போட்டால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும் என்றார். இப்போது ஓடுகள் ஒழுங்காகத் தெறிக்கின்றன. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்:

துப்பாக்கி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு மத்திய அரசின் உரிமம் கட்டாயம். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த உரிமத்தைக் கொடுக்கும் ஏடிஎஃப் துறையின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள். எண்ணைத் தர அவர் தயங்கினால் வந்த வழியே திரும்புங்கள்.

கடையில் இரவு தங்கும் துப்பாக்கியை அவர்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உங்கள் வரிசை எண்ணோடு கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

கிரெடிட் கார்டு மட்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் திருகுகளைப் படம் எடுங்கள்.

கார்டில் கட்டிய 260 டாலரை மறுத்து வங்கிக்கு எழுதியிருக்கிறேன். கணக்குத் தாள் வந்து 60 நாட்களுக்குள் எழுத வேண்டும், ஆற அமரப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகாரும் போய்விட்டது. நேரடியாக அனுப்பிய 125 டாலரை வங்கி திருப்பித் தராதாம். அதற்காக, சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போடப் போகிறேன். அங்கே 20,000 டாலர் வரை வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். வழக்குக் கட்டணம் என் கையை இன்னும் கொஞ்சம் கடிக்கும், கடிக்கட்டும். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லை எடுத்து வையுங்கள், எனக்கு எழுதுங்கள்.