லீஃப் காரின் உடைந்த பக்கக் கண்ணாடி: 14 மாதப் பாவனைக்குப் பிறகு

போன வருடம் ஜூலையில் திருகோணமலை நிலாவெளி வீதியில் வைத்து என் நிசான் லீஃப் மின்சாரக் காரின் இடது முன் கதவுக் கண்ணாடி உடைந்தது. வேறு கண்ணாடி போட்டு இந்தச் செப்டெம்பரோடு 14 மாதம். இடையில் ஒரு முழு மாரி மழையும் போய்விட்டது. போட்ட கையோடு எழுதியிருந்தால், "கண்ணாடி கிடைத்தது, பூட்டினார்கள், நன்றாக இருக்கிறது" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். நவம்பரில் அதே கதவை மறுபடியும் கழற்ற வேண்டி வந்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 2014ஆம் ஆண்டு மாடல், 24 கிலோவாட் மணி பற்றரி. புதிதாக இருக்கும்போது பற்றரியின் கொள்ளளவுக்குத் திரையில் 12 கோடுகள் காட்டும். எங்கள் ஊர் வெயிலுக்கும் வயதுக்கும் மூன்று போய், இப்போது ஒன்பதில் நிற்கிறது. உவர்மலையில் வீடு, நிலாவெளிப் பக்கம் பாடசாலை. போய்வர 30 கிலோமீற்றர் அளவுதான். இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிடுவேன், அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

அன்று வீதியோரம் ஒருவர் மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகத்தான் கடந்தேன். சுள்ளென்று ஒரு சத்தம். இன்ஜின் இரைச்சல் இல்லாத வண்டிக்குள் அது வெடி மாதிரிக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இடது பக்கக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது, ஆனால் விழவில்லை. வெயிலுக்காக ஒட்டியிருந்த பிலிம் அத்தனை துண்டுகளையும் பிடித்து வைத்திருந்தது. ஓரமாக நிறுத்தி, பக்கத்து சீற்றில் இருந்த கொப்பிகளை எடுக்க அந்தக் கதவைத் திறந்தேன். ஒரு பாய் சரிவதுபோல முழுவதும் ஒரேயடியாக உள்ளே மடிந்து விழுந்தது. புல் வெட்டியவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "டீச்சர், உங்களுக்கு ஒன்றும் ஆகேல்லயே?" என்று கேட்கும்போது அவருக்குக் கை நடுங்கியது. நாட்கூலிக்கு வேலை செய்பவர். அவரிடம் காசு கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கக் கண்ணாடி ஏன் இப்படி ஒரு சின்னக் கல்லுக்கே முழுதாகச் சிதறுகிறது என்று பலர் கேட்டார்கள். முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் வெடிக்கும், ஆனால் இடத்திலேயே நிற்கும். கதவுக் கண்ணாடி அப்படியல்ல. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துச் சட்டென்று குளிரவைத்தது. வெளிப்புறம் முதலில் இறுகி அமுக்கத்திலும் உட்புறம் இழுவிசையிலும் நிற்கும். அதனால்தான் கையால் குத்தினாலும் தாங்குகிறது. ஆனால் கூரான ஒரு கல் வெளித்தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடக்கி வைத்த விசை எல்லாம் ஒரே நேரத்தில் விடுபட்டு, கற்கண்டு மாதிரிச் சின்னத் துண்டுகளாகிவிடும். கத்திபோல நீண்ட துண்டுகள் வராமல் இருக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள். அந்தத் துண்டுகளில் ஒரு பிடியை ஜாம் போத்தலில் போட்டு எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்?

காப்புறுதிக்கு இடத்தில் இருந்தே அழைத்தேன், படமும் எடுத்து அனுப்பினேன். கணக்குப் பார்த்தபோது, கோரிக்கை வைத்தால் அடுத்த வருடக் காப்புறுதிக் கட்டணத்தில் இல்லாமல் போகும் கழிவு கண்ணாடியின் விலையைவிடக் கூட. விட்டுவிட்டேன். ஆனால் வண்டியை நகர்த்த முன் அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது, பிறகு முடிவெடுக்கலாம்.

அடுத்தது கராஜ். முதலில் போன இடத்தில், "கரண்ட் கார், நாங்கள் கை வைக்க மாட்டம்" என்று திருப்பி அனுப்பினார்கள். கண்ணாடித் துண்டு பற்றரிக்குள் போயிருக்கும் என்றும் ஒருவர் பயமுறுத்தினார். இந்தப் பயம் தேவையில்லை. லீஃபின் பெரிய பற்றரி தரைக்கு அடியில் மூடி இறுக்கிய பெட்டிக்குள் இருக்கிறது. உயர் அழுத்த வயர்கள் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும், கதவுக்குள் அவை வருவதே இல்லை. கதவில் இருப்பது ஜன்னல் மோட்டார், பூட்டு, ஸ்பீக்கர் எல்லாம் சாதாரண 12 வோல்ட். பொனெற்றைத் திறந்து சின்னப் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டால், பெற்றோல் காரில் செய்யும் அதே வேலைதான்.

கண்ணாடி திருகோணமலையில் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஓடிய லீஃப்கள் எல்லாம் பழைய வண்டிகள், உதிரிப்பாகமும் பெரும்பாலும் கழற்றிய பாகம்தான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகக் கடையை வட்ஸ்அப்பில் பிடித்தேன். சேசிஸ் இலக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், வெறுமனே "லீஃப் கண்ணாடி" என்று கேட்காதீர்கள். 2017இல் வந்த இரண்டாம் தலைமுறை லீஃபின் உடம்பே வேறு. அடுத்தது, கண்ணாடியை வெள்ளைச் சுவரில் சாய்த்து வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் வண்டியின் முன் கண்ணாடிகளில் மெல்லிய பச்சை இருக்கிறது. வந்ததில் அந்தப் பச்சை ஒரு துளி குறைவு. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

கொழும்புக்கு நானே போய் எடுத்து வருவது என் வண்டியில் நடக்கிற காரியமல்ல. 260 கிலோமீற்றர் அளவு தூரம், ஒரு சார்ஜில் ஹபரணையைத் தாண்டுவதே சந்தேகம். இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். விடிய ஐந்து மணிக்குப் பஸ் நிலையத்தில் நின்றேன். கொண்டக்டர் தம்பி பழைய போர்வையால் சுற்றி, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டிய கண்ணாடியைச் சாரதி ஆசனத்துக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்துக் கொண்டு வந்திருந்தார். "அக்கா, பிள்ளையைக் கொண்டு வந்த மாதிரிக் கொண்டு வந்திருக்கிறன்" என்றார். உண்மையில் அப்படித்தான் கொண்டுவர வேண்டும். இந்தக் கண்ணாடிக்கு முகம் பலம், விளிம்பு பலவீனம். சீமெந்துத் தரையில் ஒரு மூலை இடித்தால் போதும். விளிம்பு முழுக்க ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

கண்ணாடி வரும்வரை ஒன்பது நாள் பொலித்தீன்தான். ஜூலை என்றால் எங்களுக்குத் தென்மேற்குக் கச்சான் காற்று. முதல் நாள் மெல்லிய பொலித்தீனைச் சாதாரண பாக்கிங் டேப்பால் ஒட்டினேன். 40 கிலோமீற்றர் வேகத்தில் பாய் மரம்போல அடித்துக்கொண்டது, பாடசாலை போய்ச் சேர முன் ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. டேப் வெயிலில் உருகி வண்டி நிறத்தில் பசையாகப் பிடித்தது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க ஒரு பின்னேரம் போனது. பிறகு தடித்த பொலித்தீனை மடித்துக் கதவுச் சட்டத்துக்கு உள்ளே கொடுத்துக் கதவைச் சாத்தினேன். விளிம்புக்கு மட்டும் பெயின்டர்கள் பாவிக்கும் மாஸ்கிங் டேப். அதுதான் நின்றது. பிய்ந்த துண்டுகளை வீதியில் விட வேண்டாம். நம் ஊர் வீதிகளில் திரியும் மான்கள் பொலித்தீன் தின்று சாவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

அந்த ஒன்பது நாளும் ஏசி பிரயோசனப்படவில்லை. லீஃபின் திரையில் ஏசி எடுக்கும் சக்தி தனியாகத் தெரியும். வழக்கமாகக் குளிர்ந்ததும் கோடு இறங்கிவிடும், பொலித்தீனோடு அது இறங்கவே இல்லை. வீணாகப் பற்றரியைக் கரைப்பானேன் என்று நிறுத்திவிட்டு வியர்வையோடு ஓடினேன்.

நகரத்தில் இன்னொரு கராஜில் பூட்டித் தந்தார்கள். முக்கால் மணித்தியால வேலை, கூலி 4,000 ரூபாய். கண்ணாடி பஸ் கட்டணத்தோடு 22,000 ரூபாய். கைப்பிடிக்குப் பின்னாலும் கையூன்றியிலும் இருக்கிற ஸ்க்ரூக்களைக் கழற்றி, கதவு மட்டையைக் கிளிப்போடு இழுத்தெடுத்து, சுவிட்ச் வயரைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்தார்கள். அந்தக் கிழிப்பை நான் கண்ணால் பார்த்தேன், அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளைத் தட்டி, புதியதை மேலே இருந்து சரித்து இறக்கி, இரண்டு போல்ட் இறுக்கி முடித்துவிட்டார்கள். ஏறியது, இறங்கியது. நானும் சந்தோசமாக வந்துவிட்டேன்.

முதல் குறை கிண்ணியாப் பாலத்தில் தெரிந்தது. 2011இல் திறந்த, 396 மீற்றர் நீளமான பாலம். பக்கக் காற்றுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. இடது ஜன்னலின் மேல் மூலையில் மெல்லிய விசில். பெற்றோல் காராக இருந்தால் இன்ஜின் சத்தத்தில் அது மறைந்திருக்கும். மின்சாரக் காரில் எதுவும் மறையாது, கதவு சொல்வதெல்லாம் காதுக்கு வரும். சரி, பழகிவிடும் என்று விட்டேன்.

நவம்பரில் வாடை மழை பிடித்தது. இரண்டாம் கிழமை, வளைவில் திரும்பும்போது இடது கதவுக்குள் களக் களக் என்று சத்தம். போத்தல் உருள்கிறதோ என்று தேடினேன். கதவுக்குள் தண்ணீர். அடுத்த நாள் முன் விரிப்பு ஈரம், நாலாம் நாள் மணம்.

கிண்ணியாவில் கார் திருத்தும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். கதவு மட்டையைக் கழற்றி ரோச் அடித்துக் காட்டினார். கதவின் அடியில் சுண்டுவிரல் நுழையாத சின்னத் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றில் கண்ணாடித் துண்டுகளும் பழைய கறுப்புப் பசையும் கடல் மணலும் சேர்ந்து சீமெந்துபோல அடைத்திருந்தன. "டீச்சர், கண்ணாடி போடுறது அரை மணித்தியால வேல. கதவுட வயித்தக் கழுவுறதுதான் வேல" என்றார்.

நானும் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். மழைத் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் போவது பழுதல்ல, எல்லாக் காரிலும் அப்படித்தான். போன தண்ணீர் அடித் துவாரங்களால் வெளியே போக வேண்டும். அதற்கிடையில் அது வண்டிக்குள் வராமல் காப்பது அந்தப் பிளாஸ்டிக் தாள். கண்ணாடி பூட்டிய கராஜில் துண்டுகளை உள்ளேயே விட்டுத் துவாரத்தை அடைத்துவிட்டு, தாளையும் கிழித்து எறிந்துவிட்டார்கள். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் கதவுக்குள் தண்ணீர் தேங்கினால், இரண்டு மாரிக்குள் விளிம்பு துருப்பிடித்துவிடும்.

நானா இரண்டரை மணித்தியாலம் செலவழித்தார். சின்ன வக்கியூம் குழாயைக் கதவுக்குள் விட்டு இழுத்தார், பிறகு தண்ணீர் ஊற்றி, கம்பியால் ஒவ்வொரு துவாரத்தையும் குத்தி, மறுபடி ஊற்றினார். நிலத்தில் விழுந்த துண்டுகளைச் சேர்த்தால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைய வந்தது. முதலில் பூட்டும்போது அத்தனையும் உள்ளேயே கிடந்திருக்கிறது. கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தில் இரண்டு துண்டு சிக்கியிருந்தது, விசிலுக்குக் காரணம் அதுதான். கண்ணாடியில் அந்த இடத்தில் நூல்போல ஒரு கீறல் விழுந்திருக்கிறது, அது இனிப் போகாது. தடித்த பொலித்தீனில் பழைய அளவுக்கு வெட்டி, பசை நாடாவால் சுற்றி ஒட்டினார். தாளின் அடி விளிம்பு கதவின் உள்பக்கமாக மடிய வேண்டும், அப்போதுதான் தண்ணீர் மட்டைக்கு வராமல் உள்ளே சொட்டும். அதை விரலால் அழுத்தி அழுத்தி எனக்குக் காட்டினார். பொருளோடு 5,500 ரூபாய்.

அதற்குப் பிறகு டிசெம்பர், ஜனவரி மழை முழுக்க ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பாலத்திலும் சத்தம் இல்லை. ஏப்ரலில் ஜன்னல் ஏறுவது கொஞ்சம் இழுத்தது. ரப்பர் தடத்துக்கு சிலிக்கன் ஸ்பிரே அடித்ததும் சரியாகிவிட்டது. கிறீஸ் பூசாதீர்கள், நம்முடைய மணலை அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: பற்றரி வயரைக் கழற்றி மாட்டிய பிறகு ஆட்டோவாக மூடுவது வேலை செய்யாமல் போகலாம். சுவிட்சை மேலே இழுத்துப் பிடித்து, கண்ணாடி மூடிய பிறகும் சில வினாடி விடாமல் பிடித்திருந்தால் பழகிக்கொள்ளும்.

சீற்றுத் தண்டவாளத்தில் இருந்து இன்னும் துண்டுகள் வருகின்றன. போன கிழமைகூட சீற்றைப் பின்னால் தள்ளும்போது கறகறத்து, ஒன்று கையில் வந்தது. வாடைக்கு முன் மற்ற மூன்று கதவுகளையும் நானாவிடம் காட்டித் துவாரங்களைத் துப்புரவாக்கப் போகிறேன். ஒக்டோபர் முதல் கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.