திருநின்றவூரில் 12 வருடம்

2013 ஆவணியில் குடிவந்தோம். பெரம்பூரில் இரண்டு அறை வாடகை வீடு, மாடிப்படியில் நிற்க வைத்த சைக்கிள், இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்ச் சண்டை. அதிலிருந்து தப்பித்தால் போதும் என்று கடன் போட்டு வாங்கிய தனி வீடு இது. “அமைதியான ஏரியா சார், ஈ காக்கா சத்தம் இருக்காது” என்றார் தரகர். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த அமைதி யாருக்கு என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில், ஆவடி தாண்டினால் இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்தது நாங்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். எனக்கு வேலை கிண்டியில். ஆரம்பத்தில் சென்ட்ரலில் இறங்கி, சாலையைத் தாண்டி, பூங்கா ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடிப்பேன். 2019 பிப்ரவரியில் அந்தப் பக்கம் மெட்ரோ வந்தபிறகு கடைசிப் பகுதி குளுகுளுவென்று ஆனது. ஆனாலும் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மாதம் 25 நாள் என்று வைத்தால் 100 மணி நேரம். அதாவது மாதத்தில் நான்கு நாள் முழுசாக ரயிலுக்கே. இந்தக் கணக்கை வீட்டுக்கடன் வாங்கும்போது யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

அந்த நான்கு நாளில் முக்கால்வாசி நின்றபடிதான். மகாலட்சுமி வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற இடம் என்பதால் திரு நின்ற ஊர் என்று தலபுராணம் சொல்கிறது. இங்கே பக்தவத்சலப் பெருமாள் கோவில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர், இதைவிட அழகான பேர் நான் கேட்டதில்லை. “திருவே நின்னாங்க, நமக்கு மட்டும் சீட்டா?” என்பது எங்கள் பெட்டியில் தினசரி ஜோக். திருவள்ளூரிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வருகிற வண்டி இங்கே வரும்போதே ஜன்னலோரமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்.

ரயிலைக் குறை சொன்னாலும் அதுவும் ஒரு குடித்தனம்தான். மாலை வண்டியில் வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, தை மாதமானால் பனங்கிழங்கு. பெண்கள் பெட்டியில் பீன்ஸ் நறுக்கி முடித்து, நெமிலிச்சேரி வருவதற்குள் கவரில் கட்டிவிடுவார்கள் என்று என் மனைவி சொல்வாள். கல்லூரிப் பையன்கள் ஏறினால் பெட்டிச்சுவரைத் தட்டி கானா. கானாவோடு நின்றால் சரி, எந்த ரயில் தடத்து மாணவர் கும்பலுக்கு யார் தலைவன் என்ற ‘ரூட்டு தல’ தகராறு கிளம்பினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓட வேண்டியதுதான். அப்புறம், மொபைலில் டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளாட்பாரத்துக்கு வந்தபிறகு ஆப்பைத் திறந்தால், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று டிக்கெட் தராது. டீக்கடை வாசலிலேயே எடுத்துவிடுங்கள். நான் சீசன்காரன், எனக்குக் கவலை இல்லை.

ஊரின் இன்னொரு பெரிய பெயர் பூசலார். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, சுதை பூசி, குளம் வெட்டி, சிவனுக்குக் கோவில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோவிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு. சிவன் ராஜா கனவில் வந்து, “நாளைக்கு நின்றவூர் அன்பன் கோவிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளி வை” என்றாராம். அந்த நினைவுக்குத்தான் இருதயாலீஸ்வரர் கோவில். இரண்டு பேருக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, ‘மாடியில் ஒரு ரூம் எடுத்தால் படி எந்தப் பக்கம் வைப்பது’ என்று நான் யோசிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். அந்த மாடி இன்னும் எழும்பவில்லை.

ஏழு வருடம் இப்படித்தான் போயிற்று. இருட்டில் கிளம்பி இருட்டில் வருவேன். ஞாயிறு துணி, ரேஷன், தூக்கம். 2020 மார்ச்சில் மின்சார ரயிலை நிறுத்தினார்களே, அப்போதுதான் நான் திருநின்றவூருக்கு உண்மையாகக் குடிவந்தேன்.

காலை பதினோரு மணிக்கு எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு முருங்கையின் நிழல் அந்த நேரத்துக்கு எங்கள் திண்ணையில் விழுகிறது. அங்கே அம்மா உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் மூன்று பேர். அடுத்த தெருவில் யாருக்கு முட்டிவலி, யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கியது என்று எல்லாம் அங்கே பதிவாகும். கீரைக்காரம்மா என்னைப் பார்த்து, “தம்பி யாரு, ஊருலேர்ந்து வந்திருக்குதா?” என்று அம்மாவிடம் கேட்டார். ஏழு வருடம் கடன் கட்டியவனுக்கு விருந்தாளி மரியாதை! சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். கொக்கும் நாரையும் கூட்டமாக, ஒரு மீன்கொத்தி அதே கம்பத்தில் தினமும். வண்டிச் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. தரகர் சொன்ன அமைதி இதுதான் போல. நான் சம்பாதித்துக் கட்டியதை அம்மா அனுபவித்துக்கொண்டிருந்தாள். அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பொறாமை உண்டு.

சரி, ஏரி என்றதும் மழைக்கு வருகிறேன். மனை பார்க்க எல்லோரும் சித்திரையில் வருகிறார்கள். தரை காய்ந்து, காற்று வீசி, மனசு லேசாகிவிடும். வரவேண்டியது ஐப்பசியில். இது ஏரி சூழ்ந்த தாழ்வான பூமி. ஏரி நிரம்பினால் உபரி நீர் வீடுகளைக் கேட்டுக்கொண்டு வராது. 2015 டிசம்பரில் எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு. பீரோவின் கீழ்த்தட்டும் மகளின் பள்ளிப் புத்தகங்களும் போயின. நாங்களாவது மூன்று நாளில் கழுவித் தள்ளினோம், ஏரியை ஒட்டிய நகர்களில் வாரக்கணக்கில் நின்றது. 2021-லும் தெருவில் தண்ணீர், ஆனால் படியேறவில்லை, ஏனென்றால் நடுவில் வாசலை இரண்டடி தூக்கிக் கட்டியிருந்தேன். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்பதோடு, போன மழைக்கு எந்தச் செங்கல் வரை கறை என்று பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கேளுங்கள். பாட்டி பொய் சொல்ல மாட்டார், அவருக்குக் கமிஷன் இல்லை. அதே ஏரி தயவில் போர் தண்ணீர் சித்திரையிலும் வற்றவில்லை, உப்பும் இல்லை. கொசு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். சாரைப்பாம்பு இரண்டு முறை.

ராத்திரிதான் இந்த ஊரில் எனக்குப் பயம். 2017-ல் ஒருநாள் நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் கதவைத் தட்டினால் காவலாளி மட்டும் இருந்தார், “ஆவடிக்குப் போயிடுங்க” என்றார். ஆட்டோ ஒன்றும் இல்லை. மூன்றாவது வீட்டு மளிகைக்காரர் லுங்கியோடு வந்து, காய்கறி ஏற்றும் டாடா ஏஸை எடுத்தார். முன்சீட்டில் அம்மா, பின்னால் வெங்காயச் சாக்கு வாசனையில் நான். பெரம்பூரில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஆனால் அங்கே மூன்றாவது வீட்டில் யார் இருந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது.

இப்போது ஊர் மாறிக்கொண்டு வருகிறது. 2021-ல் பேரூராட்சி நகராட்சியானது. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்தார்கள். கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை மெட்ரோ வரப்போகிறது என்று திட்டம். மனை நோட்டீஸ்களில் அது ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. அந்த இரண்டு நாளும் பதினோரு மணிக்குத் திண்ணைக்கு வந்துவிடுவேன். கீரைக்காரம்மா இப்போதெல்லாம் விசாரிப்பதில்லை.

போன வருடம் ஆபீஸில் ஒரு தம்பி வீடு தேடினார். ஐப்பசியில் வாருங்கள் என்றேன், வந்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு தெரு பார்த்துவிட்டு, பேசாமல் திருவள்ளூரில் போய் வாங்கிவிட்டார். அங்கிருந்தே கிளம்பும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறார். நான் ஏறியதும், “பையக் குடுங்க சார்” என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். சென்ட்ரல் வரை நின்றுகொண்டே பேசிக்கொண்டு போவோம், நான் மட்டும்.