பழைய கார் பார்ட்ஸ் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படிக்கவும்: என் 46,500 ரூபாய் போன கதை

நேற்று ராத்திரி பத்து மணிக்கு, ஆன்லைனில் எனக்குக் கார்ப்பரேட்டர் விற்றவன் என் நம்பரை பிளாக் செய்தான். எப்படியும் பாதிப் பணமாவது திரும்பும் என்று நினைத்து அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடி என்ன பிரயோஜனம்? 46,500 ரூபாய். ஒசூரில் நைட் ஷிப்ட் பார்த்து, ஓவர்டைம் செய்து, வீட்டம்மாவுக்குத் தெரிந்து பாதியும் தெரியாமல் பாதியுமாகச் சேர்த்த பணம்.

என்னிடம் இருப்பது 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. "இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். வண்டலூரில் செய்த வண்டிதான், ஆனால் மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. வரைந்து கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. அந்த ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே கொண்டுவந்தார்கள். அதனால் என் வண்டியை ஸ்பிட்ஃபயரின் அண்ணன் என்று நான் சொல்லிக்கொள்வேன், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

வீட்டிலேயே வேலை பார்க்க இதைவிட வசதியான வண்டி கிடையாது. பானட்டை மொத்தமாக முன்பக்கம் சாய்த்துவிட்டால் இன்ஜின், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கு வந்துவிடும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே ஸ்பார்க் பிளக் மாற்றலாம். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் வீட்டு மாமரத்தடியில் தகர ஷெட் போட்டு, ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளை அதில்தான் கழிக்கிறேன். தரைத்தகடு மாற்றினேன், கிளட்ச் இறக்கி ஏற்றினேன், பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் தேடி மூன்று மாதம் அலைந்தேன். பாக்கி இருந்தது ஒரே ஆசை. ட்வின் கார்ப்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக.

948 சிசி இன்ஜின், ஒற்றை சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் வரும் அவமானம் இருக்கிறதே, அது ஹெரால்டு வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். இதே 948 இன்ஜினில் எஸ்.யூ. என்ற இங்கிலாந்து கம்பெனியின் கார்ப்பரேட்டர் இரண்டு வைத்து 1959லேயே அங்கே ஹெரால்டு கூபே என்ற மாடலை விட்டிருக்கிறார்கள். ஆக, நான் கேட்டது ஒன்றும் ஆகாத ஆசை இல்லை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் மெக்கானிக் பாய்தான் வேண்டாம் என்றார். 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021ல் விதி வந்திருக்கிறது, பெரிய மாற்றம் எதுவும் இல்லாத வண்டியாக இருக்கணுமாம், எதற்குத் தம்பி கையை வைக்கிறே என்றார். கேட்டேனா?

பழைய பொருள் வாங்க விற்க என்று எல்லார் போனிலும் இருக்குமே, அந்த மாதிரி ஒரு ஆப்பில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். "ஒரிஜினல் ட்வின் எஸ்.யூ., மேனிஃபோல்டோடு, ஹெரால்டுக்கு நேராக உட்காரும்." மேனிஃபோல்டு என்றால் கார்ப்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய். விலை 52,000. மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. கோயம்புத்தூர் பக்கம் ஷெட் வைத்திருப்பதாகச் சொன்னான். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதுக்குள் இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை "அண்ணா".

நான் விழுந்த இடம் விலை இல்லை. பேச்சோடு பேச்சாக அவன் கேட்டான்: "அண்ணா, ட்ரன்னியனுக்கு என்ன போடுறீங்க? கிரீஸ் அடிச்சிடாதீங்கண்ணா, கியர் ஆயில்தான் விடணும்."

ஹெரால்டு வைத்திருக்காதவர்களுக்கு இது புரியாது. முன்சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க்கின் அடியில் மரையோடு ஒரு வெண்கலப் பாகம் இருக்கிறது, அதுதான் ட்ரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போது லிங்க் அந்த மரையில்தான் சுழலும். அங்கே 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாகப் போய்ச் சேராது, தண்ணீர் இறங்கும், துரு பிடித்து இறுகும், ஒரு நாள் லிங்க் உடைந்து சக்கரம் மடங்கிவிடும். பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்பிலேயே இதில் கிரீஸ் கன்னைத்தான் வைப்பார்கள். இந்தப் பையன் கேட்காமலே சொல்கிறான். எனக்கு உடம்பு குளிர்ந்துபோய்விட்டது. இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுக்காரனாக இருப்பானா என்று தோன்றியது. அங்கேயே என் மூளையைக் கழற்றி ஷெல்ஃபில் வைத்துவிட்டேன்.

பேரம் பேசி 46,500க்கு இறங்கினான். செவ்வாய்க்கிழமை 10,000 முன்பணம். வியாழக்கிழமை வீடியோ அனுப்பினான். நீலப் பூப்போட்ட மேசை விரிப்பு, அதன்மேல் இரண்டு கார்ப்பரேட்டர், பக்கத்தில் அன்றைய தினசரி. ஃப்ளோட் சேம்பர் மூடியின் ஸ்குரூவில் தொங்கும், அடையாள நம்பர் அடித்த சின்ன அலுமினியத் தகடு வரைக்கும் கிட்டே போய்க் காட்டினான். கார்ப்பரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டான், டக் என்று விழுந்தது. எஸ்.யூ.வுக்கு அந்தச் சத்தம்தான் உயிர். "ஏங்க, முன்னப் பின்ன தெரியாதவனுக்கு இவ்வளவு பணமா?" என்று வீட்டில் கேட்டாள். "உனக்கு என்ன தெரியும்" என்றேன். வெள்ளிக்கிழமை காலை மீதி 36,500 போட்டேன். இன்னும் அந்த "உனக்கு என்ன தெரியும்" காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரி லாரி பார்சல் ஆபீஸிலிருந்து போன். எடை 14 கிலோ, கூலி நான்தான் கட்டணுமாம், 620 ரூபாய். அதையும் கட்டினேன். ஷெட்டுக்கு எடுத்துவந்து பிரித்தால், மேலே பழைய பேப்பர், அதற்கடியில் வைக்கோல், அதற்கும் அடியில் துருப்பிடித்த பிரேக் டிரம் ஒன்று. எடை காட்டுவதற்கு! ஓரத்தில் சாக்கில் சுற்றிய கார்ப்பரேட்டர் இரண்டு. ஒன்று அம்பாசிடரிலிருந்து கழற்றியது என்று பாய் தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார். அதன் பிஸ்டனைத் தூக்கி விட்டேன். விழவில்லை. மேலேயே நின்றது. இன்னொன்று வெறும் கூடு, உள்ளே பிஸ்டனும் இல்லை, ஊசியும் இல்லை. பிஸ்டனுக்கு மேல் மூடியாக நிற்கும் டோமை வேறு எதிலிருந்தோ எடுத்து எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். எஸ்.யூ.வில் டோமும் பிஸ்டனும் ஜோடியாகச் செய்தவை, ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட்டால் சேராது. அலுமினியத் தகடு இரண்டிலும் இல்லை. மேனிஃபோல்டு என்று ஒரு வெல்டிங் குழாய். இன்ஜின் ஹெட்டில் வைத்துப் பார்த்தேன், அதைப் பிடிக்கும் ஸ்டட் என்ற போல்ட் ஒன்றில் மாட்டினால் அடுத்த ஓட்டை விரல் அகலம் தள்ளி நிற்கிறது.

ஒன்று சொல்லட்டுமா? எனக்கு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். நாள் முழுக்க வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் கையில். அரை நூல் பிசகினால் சப்ளையருக்குச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன் நான். ஸ்டட் ஓட்டைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அவனிடம் ஒரு அளவு கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடந்த நாடகம். முதல் நாள்: "அய்யய்யோ அண்ணா, பார்சல் ஆபீஸ்ல மாத்தியிருப்பாங்க, நான் கேட்டுச் சொல்றேன்." மூன்றாம் நாள்: "அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன் அண்ணா." நான் முட்டாள், அம்மா எப்படி இருக்காங்க என்று விசாரித்தேன். ஐந்தாம் நாள் பொருளே அவனுடையது இல்லையாம், நடுவில் நின்று விற்றுக் கொடுத்தானாம், முதலாளி நம்பர் தருகிறேன் என்றான். தந்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏழாம் நாள் குரலே மாறிவிட்டது: "பழைய பொருள்னா அப்படித்தான் இருக்கும் சார், ஓகே சொல்லித்தானே வாங்கினீங்க." அண்ணா போய் சார் ஆனதைக் கவனியுங்கள். எட்டாம் நாளான நேற்று, "46,500ல் 30,000 கொடுத்தால்கூடப் போதும்" என்று எழுதினேன். நீல டிக் வந்தது. பிளாக்.

ஆப்காரர்கள் அதற்கு மேல். புகார் கொடுத்த இரண்டாவது நிமிஷம் பதில் வந்தது, மனுஷன் எழுதியதில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. பணம் எங்கள் ஆப் வழியாகப் போகவில்லை, எனவே நாங்கள் பொறுப்பில்லை. மறுபடி எழுதினேன், அதே வரி மறுபடி வந்தது. மூன்றாம் தடவை எழுதினால் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று கேட்கிறது. என்ன தீர்ந்தது? என் 46,500தான் தீர்ந்தது.

சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்கு இன்று காலைதான் போன் செய்தேன், இணையத்தில் புகாரும் பதிந்தாயிற்று. பணம் போனது தெரிந்த உடனேயே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு. நான் எட்டு நாள் அவன் அம்மாவின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பழைய பார்ட்ஸ் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதணும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, இரண்டாவது ஷிப்டுக்கு பஸ் பிடிக்கணும். வேகமாகச் சொல்கிறேன். நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் போடாதீர்கள், பஸ் செலவு எவ்வளவு ஆனாலும் சரி. வீடியோ அனுப்பினால் அதில் இருக்கும் பொருள்தான் வரும் என்று அர்த்தம் இல்லை. ஸ்டட் இடைவெளியை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. அப்புறம், ட்ரன்னியனுக்கு கியர் ஆயில்தான். அந்த ஒன்றை மட்டும் அவன் சரியாகச் சொன்னான்.

இதை எழுதி முடித்துவிட்டு அந்த ஆப்பை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். வேறு பெயரில், வேறு ஊரில், "ஒரிஜினல் ட்வின் எஸ்.யூ., மேனிஃபோல்டோடு", 48,000 ரூபாய். படத்தில் அதே நீலப் பூப்போட்ட மேசை விரிப்பு.